தாம்பரத்தில் புறப்படும் வண்டி

எனக்கு லோக்கல் ரயில் மேல் பாசம் உண்டு என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி இரும்புலியூருக்குக் குடிவந்த நாளிலிருந்து தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிறவள் நான். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலை. மழைக்காலத்தில் பெட்டிக்குள் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். நின்றுபோன ஃபேனைச் சீப்பால் தள்ளிவிட்டு ஓட வைத்திருக்கிறேன். ஒருமுறை மாம்பலத்தில் என் துப்பட்டா ஏறியது, நான் ஏறவில்லை. ஆகவே ஏசி வண்டி வரப்போகிறது, கதவு தானாக மூடிக்கொள்ளும் என்று பேச்சு கிளம்பியபோது, வரட்டும் மகராசனாக என்றுதான் நானும் நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்காக ஒப்பாரி வைக்கிறவள் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

நான் அழுதது ஒரு சீட்டுக்காக. அதுவும் என் சீட்டு இல்லை, அக்காவின் சீட்டு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ரயிலில் வாய்த்தவர். மேற்குத் தாம்பரத்துக்காரர். கணவர் காலமான பிறகு, அவர் பாஷையில் மௌத்தான பிறகு, மண்ணடியில் கொழுந்தனாருடைய ஹார்டுவேர் கடையில் பில் போடப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் முதல் பேச்சே சண்டையில் முடிந்திருக்க வேண்டியது. தாம்பரத்தில் புறப்படும் வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதி வைக்கவில்லை. காலி வண்டி யார்டிலிருந்து பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே, அது நிற்பதற்கு முன்னால், ஜன்னல் கம்பி வழியாகக் கர்ச்சீப்பை உள்ளே போட்டுவிட வேண்டும். கர்ச்சீப் விழுந்த இடம் போட்டவளுடையது. பிறகு ஆற அமர ஏறிக்கொள்ளலாம். புதிதாக வந்த எனக்கு இது தெரியாது. சீட்டில் கிடந்த துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கறுப்பு புர்காவில் ஒருவர் வந்து எதிரே நின்றார். கோபமே இல்லாமல் சொன்னார்: "உட்காரும்மா, பரவாயில்ல. கர்ச்சீப்பை மட்டும் குடு. ரெண்டு நாளா ஜலதோஷம், அதுலதான் மூக்கு சிந்திக்கிட்டிருக்கேன்."

எழுந்த வேகத்தில் நான் மேல் கம்பியில் இடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக உட்கார்ந்து, கர்ச்சீப்பை விரித்துக் காட்டினார். இஸ்திரி மடிப்புக் கலையாத புதுத் துணி. பெட்டியே சிரித்தது. மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்து அவரே போட்டார். குரோம்பேட்டையில் ஏறுகிற டீச்சர் ஒருத்திக்கும் போடுவோம். இப்படி மூன்று பேராக எத்தனையோ வருஷம் ஓடியது. பிள்ளைகள் படித்தார்கள், கல்யாணம் நடந்தது, பட்டாணி சுண்டலிலிருந்து கண் ஆபரேஷன் வரை எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில்தான் பேசி முடிவெடுத்தோம்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. கடைக்குப் போவது நின்றது. வாரத்துக்கு மூன்று நாள் பார்க் ஸ்டேஷன் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் என்று ஆனது. ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ணித் திரும்ப உடம்பில் ஏற்றுகிற வேலை. வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளப் பெயர் எழுதி வைத்திருந்தார், இடம் கிடைக்கவில்லை. ஆக, கடைக்குப் போன அதே வண்டி, அதே பெட்டி, அதே ஜன்னலோரம். கடைக்காவது லீவு போடலாம், இதற்கு லீவே கிடையாது என்று அவர்தான் முதலில் கேலி பண்ணினார்.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது சோர்வு இருக்கும், ஆனால் மத்தியான வண்டி காலியாக வரும், படுத்துக்கொண்டே வரலாம். காலையில் போவதுதான் கஷ்டம். உடம்பில் தண்ணீர் கோத்துக்கொண்டு காலெல்லாம் வீங்கியிருக்கும். கொஞ்சம் நின்றால் மூச்சு வாங்கும். இதில் கொடுமை என்னவென்றால் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. கால் வீக்கத்தைப் புர்கா மூடியிருக்கும். முகம் உப்பியிருப்பதால் செழிப்பாகத் தெரிவார். நோயாளி என்று யார் சொல்வார்கள்? அவரும் சொல்லிக்கொள்ள மாட்டார். வியாதியைச் சொல்லி இடம் கேட்பதும் கையேந்துவதும் ஒன்று என்பது அவர் கட்சி. வண்டி தாம்பரத்தில் புறப்படுவதால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. நான் கர்ச்சீப் போடுவேன், அவர் மெதுவாக வந்து உட்காருவார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரெல்லாம் ஒரே ரயில் பேச்சாக ஆகிப்போனது. எங்கள் காலனி வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் போடுகிறவர்கள்கூட அதை மறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். எல்லா வண்டியையும் ஏசி ஆக்கு என்று ஒரு கட்சி. ஏசி வேண்டாம், இருக்கிற வண்டியைக் கூட்டு, ஓட்டை உடைசலைச் சரிபண்ணு என்று இன்னொரு கட்சி. டிக்கெட் விலையைப் பற்றிப் பேசியவர்களைப் பஞ்சப்பாட்டுக் கோஷ்டி என்றார்கள். ஏசி கேட்டவர்களைக் கார் வாங்க வக்கில்லாத துரைமார்கள் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் ஏசி கட்சியின் தளபதி. வங்கியில் ஓய்வு பெற்றவர், பொழுது போக வேண்டுமே. ஆனால் அவரை வெறுமனே வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. கல்லூரி நாட்களில் அவர் கண்ணெதிரே படியில் தொங்கிக்கொண்டு வந்த நண்பன் பழவந்தாங்கலில் விழுந்து செத்திருக்கிறான். அன்றிலிருந்து திறந்த கதவைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. தானாக மூடுகிற கதவு மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் என்று ஆரம்பித்தால் குரல் மாறிவிடும். அவர் சொல்வது நியாயம்தான், அக்காவின் கால் வீக்கமும் நிஜம்தான். இரண்டு நியாயமும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்தால் நான் என்ன செய்வேன்?

டீச்சர் விவரமானவள். இருக்கிற பாதையில்தான் ஏசி வண்டியும் ஓட வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்றால் ஏதாவது ஒரு சாதா வண்டியை நகர்த்தத்தான் செய்வார்கள், நம் வண்டி போய்விடும் என்று அவள்தான் முதலில் பயம் காட்டினாள். நம் வண்டிக்கு அடுத்து வருவது செங்கல்பட்டிலிருந்து வருகிறது. தாம்பரம் வரும்போதே அதில் மூச்சு விட இடம் இருக்காது. அக்கா சிரித்தார். நம்மளைக் கேக்காம எடுத்துடுவாங்களா என்றார்.

கேட்டார்கள். அதுதான் விஷயமே.

ஏசி வண்டி வந்த புதிதில் ஒரு நாள் டீச்சர் எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனாள், எதிரியை நேரில் பார்த்துவிடலாம் என்று. வெயில் கொளுத்திய மத்தியானம். உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது. வேர்வை இல்லை, தூசி இல்லை, கத்தல் இல்லை. அக்கா புர்காவைக் கழுத்தில் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தாம்பரத்தில் இறங்கினால் பிளாட்பாரத்தில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் செல்போன். பயணிகளிடம் கருத்துக் கேட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள் போலிருக்கிறது, உதடு வெடித்திருந்தது. யாரும் நின்று பதில் சொல்லவில்லை. அக்காவுக்குப் பாவமாகிவிட்டது. தண்ணி குடிச்சியாம்மா என்று பாட்டிலை நீட்டினார். அந்தப் பெண் குடித்துவிட்டு, ஏசி வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாம்பார் எப்படி என்று கேட்டால் உப்பு கம்மி என்றா சொல்வோம்? முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று சொல்கிற நாக்கு நமக்குக் கிடையாது. அதுவும் ஒரு சின்னப் பெண், வெயிலில் நின்று கேட்கும்போது. அக்கா வாய் நிறையச் சொன்னார்: "ரொம்ப நல்லாருக்கும்மா. சொர்க்கம் மாதிரி இருக்கு. இன்னும் நாலு வண்டி விடச் சொல்லு."

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். டீச்சரும்தான் ஆட்டினாள். எதிர்த்துப் பேசத் தயாராக வந்தவள் கடைசியில் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தாள். நல்லாருக்கு என்று சொன்னதற்கு, எங்கள் வண்டியை எடுத்துக்கொள் என்று ஓர் அர்த்தம் உண்டு என்பது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை.

அந்த வீடியோ சுற்றோ சுற்றென்று சுற்றியது. எங்கள் காலனிக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் வீட்டுக்காரர். ஏழை எளிய மக்களே ஏசி கேட்கிறார்கள், பாருங்கள் என்று மேலே எழுதி, கை கூப்பும் படம் வேறு. அவருக்கு அக்காவை நன்றாகத் தெரியும். ரம்ஜானுக்கு அக்கா கொடுத்தனுப்பும் பிரியாணியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர். நான் கேட்டதற்கு, அவங்க சொன்னதைத்தானே போட்டேன், நானா இட்டுக்கட்டினேன் என்றார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். என்ன பிரயோஜனம்?

குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து சேலையூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ரயில்வேயிலிருந்து ஒரு அதிகாரியும் வருகிறார் என்றார்கள். நீங்கள் வந்து உங்கள் கஷ்டத்தைச் சொன்னால் போதும், வேறு வாதமே வேண்டாம் என்று டீச்சர் அக்காவைக் கெஞ்சினாள். அக்கா ஒருநாளும் மைக் பிடித்ததில்லை. எனக்காக இல்லை, என்னை மாதிரி எத்தனை பேர் போறாங்களோ என்று சொல்லிக்கொண்டு வந்தார். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்தார், ஆனாலும் மண்டபத்துப் படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார்.

முதலில் திரையில் வீடியோக்கள் போட்டார்கள். ஐந்தாறு பேருடைய கருத்து. கடைசியாக வந்தது அக்கா. திரை முழுக்க அவர் முகம். சொர்க்கம் மாதிரி இருக்கு என்றதும் மண்டபம் கை தட்டியது. யாரோ அவரை அடையாளம் கண்டு, அம்மா இங்கேயே இருக்காங்க என்றார்கள். இன்னொரு முறை கைதட்டல். அப்படியே மைக்கையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். கைதட்டின சனத்தைப் பார்த்து எப்படி மறுத்துப் பேசுவது? நான் சொன்னது நெசந்தான் என்று அக்கா ஆரம்பித்தார். வண்டி நல்லாத்தான் இருக்கு, விடுங்க, வேண்டாங்கல. தாம்பரத்துலேருந்து கிளம்புற எங்க வண்டியை மட்டும் விட்டுவைங்க, எனக்கு உட்கார எடம் வேணும், என்னால நிக்க முடியாது. இவ்வளவுதான் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை, மெஷினைச் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், உட்காரத்தானேம்மா, ஏசியில வாங்க, ஜம்முனு உட்கார்ந்துட்டுப் போலாம் என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மைக்கை என்னிடம் நீட்டினார், நான் வாங்குவதற்குள் யாரோ வாங்கிக்கொண்டு போனார். நான் எழுந்து, அவருக்கு உடம்பு சரியில்லை என்று கத்தினேன். அதற்குள் அடுத்தவர் மேடையில் பிளாட்பாரக் கழிவறையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். என்ன குறித்தாரோ.

சில மாதத்தில் நேரம் மாறியது. எங்கள் வண்டி இருந்த இடத்தில் ஏசி வண்டி வந்தது. யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன், என் வீட்டுக்காரரும் ஒரு நாள் அதில் போய் வந்து, கதவு மூடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். நான் அக்காவுக்கு ஏசி டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த விலை அவர் வீட்டுக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கும்மா எடுத்துக் குடுப்பே? நான் மௌத்தாகுற வரைக்குமா? அப்புறம் நான் எப்ப போவேன்னு உனக்கே தோண ஆரம்பிச்சிடும். வேணாம்."

எடுத்த பர்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் முதல் வாரம் நின்றுகொண்டு போனார். பல்லாவரம் தாண்டும்போது கம்பியைப் பிடித்தபடியே சரிந்தார். டீச்சர் மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். மறுநாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தாம்பரத்தில் இடம் இல்லையென்றால் இடம் இருக்கும் ஊருக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவது. பெருங்களத்தூரில் ஏறிப் பார்த்தேன், இல்லை. வண்டலூரிலும் இல்லை. கூடுவாஞ்சேரியில் கிடைத்தது. அக்கா ஆஸ்பத்திரி போகும் நாட்களில் இருட்டு விலகும் முன்பே எழுந்து, ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் பிடித்துக் கூடுவாஞ்சேரி போய், அங்கே வண்டி ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு தாம்பரம் வரை காவல் காப்பேன். எதிர்த்திசை லோக்கலில் போகலாமே என்றால், அது அங்கே போய்ச் சேரும்போது இது கிளம்பியிருக்கும்.

கர்ச்சீப் சட்டம் தாம்பரத்தில்தான் செல்லும். ஓடுகிற வண்டியில், நிற்கிற கூட்டத்துக்கு நடுவில், ஒரு சீட்டைப் பை வைத்துக் காப்பாற்றுவது இருக்கிறதே, அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும். பூக்கூடையோடு ஊரப்பாக்கத்தில் ஏறும் ஒரு அம்மாளோடு ஒவ்வொரு தடவையும் சண்டை. "இன்னாமே, உங்கப்பன் வூட்டு சீட்டா? ஆளு எங்கே கீது?" என்பாள். தாம்பரத்துல வராங்க, உடம்பு சரியில்லாதவங்க என்பேன். நானும் விடவில்லை. நான் ஒன்றும் பரமசாது இல்லை, வார்த்தைக்கு வார்த்தை கொடுப்பேன். தாம்பரத்தில் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்து பெருமூச்சு விடும்போது, பட்ட வசவெல்லாம் போய்விடும். டப்பாவிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார்.

அந்தப் பூக்கார அம்மாளே ஒரு நாள் அக்காவின் புர்கா விளிம்பு விலகியபோது காலைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற சனம் கிளம்பிய நாள் அது. வழக்கம்போலத்தான் பஸ் ஏறினேன். பெருங்களத்தூர் தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் காரும் பஸ்ஸும் டெம்போவும், கண்ணுக்கெட்டியவரை சிவப்பு விளக்கு. இறங்கி நடந்தேன். நடந்தால் மட்டும் கூடுவாஞ்சேரி பக்கத்தில் வந்துவிடுமா? வண்டலூர் ஸ்டேஷனுக்குள் நான் ஓடி நுழைந்தபோது எங்கள் வண்டி பிளாட்பாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். வண்டி இன்னும் வரல, நீ எந்தப் பெட்டியிலம்மா என்று கேட்டார். நான் வரவில்லை, நீங்கள் யாரையாவது கேட்டு உட்காருங்கள், தயவுசெய்து கேளுங்கள் என்றேன். கேக்குறேன், கேக்குறேன் என்றார்.

கேட்கவில்லை. ஏறவே இல்லை. அடுத்த வண்டியும் நிரம்பி வந்தது, அதற்கடுத்ததும். நான் தாம்பரம் வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் எடுத்து, அடுத்த ஏசி வண்டி வரும்வரை காத்திருந்து அதில் கூட்டிப்போனேன், அன்றைக்கு மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நேரம் தவறிவிட்டது. அவர் மெஷினில் வேறொருத்தி படுத்திருந்தாள், அவளும் எங்கிருந்தோ விடியற்காலையில் கிளம்பி வந்தவள்தான். மறுநாள் ஓர் இடம் பார்த்துத் தருகிறோம், மூச்சு முட்டினால் உடனே வந்துவிடுங்கள் என்றார்கள். யாரைக் குற்றம் சொல்ல?

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். அவர் மருமகள் போனில் சொன்னாள். ஆட்டோ வாசலுக்கு வந்து நின்றதாம், அதில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் மேற்குத் தாம்பரம் போனபோது குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. வீக்கம் அப்படியே இருந்தது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், நாங்கள் பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். என் வீட்டுக்காரர் தோள் கொடுக்கப் போனவர், திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வீடியோவைக் குழுவிலிருந்து அழிக்கப் பார்த்திருக்கிறார், நாளாகிவிட்டதால் முடியவில்லை என்றார். போங்க, அதை அழித்து என்ன ஆகப் போகிறது என்றேன்.

பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று அக்காவின் ஆஸ்பத்திரி நாள். நான் அதை யோசிக்கவில்லை. எழுந்தேன், குளித்தேன், பஸ் ஏறினேன். கூடுவாஞ்சேரியில் வண்டி ஏறி, உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. பையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

தாம்பரத்தில் கூட்டம் முட்டிக்கொண்டு ஏறியது. வயிறு கொஞ்சம் மேடிட்ட ஒரு பெண், "அக்கா, இங்க ஆள் வராங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"வராங்க" என்றேன்.

வண்டி நகர்ந்தது. அவள் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையும் அந்தப் பையையும் பார்த்தபடி நின்றாள். சானடோரியம் போனது. குரோம்பேட்டையில் டீச்சர் ஏறினாள், பையைப் பார்த்தாள், திரும்பி நின்று அழுதாள். பூக்கார அம்மாள்தான் கடைசியில் கூடையைக் கீழே வைத்துவிட்டு, என் பையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"உக்காரும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.